மங்கலாகத் தெரிந்தவை

3 செப்டம்பர் 2014, புதன்

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக ஸ்பீக்கர் பெட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று முதல் எழுதுகிறேன். கோவில்பட்டியில் கம்ப்யூட்டரை அடக்கிய முதல் ஆள் யார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும் அல்லவா? காளிராஜ் சவுண்ட் சர்வீஸ், உரிமையாளர் காளிராஜ். போதும்.

காலையில் பொன்னுத்தாய் அக்கா போன் செய்தாள்.

"காளி, புரட்டாசியில பிள்ளைக்கு வருசம் திரும்புது. அதுக்குள்ள அவ படம் ஒண்ணு வேணும்டா. சிரிச்ச மாதிரி. அந்தப் பொட்டிக்குள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும்."

பிள்ளை என்றால் என் மருமகள் செண்பகவல்லி. அக்காவுக்கு ஒரே மகள். போன புரட்டாசியில் காய்ச்சல் என்று படுத்தாள். அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. இது கம்ப்யூட்டர் டைரி.

அந்தக் கம்ப்யூட்டர் நான் வாங்கிக் கொடுத்தது. செண்பகத்துக்குச் சடங்கு வைத்தபோது, ஊரில் மற்ற தாய்மாமன்மார் அண்டாவும் குத்துவிளக்கும் சுமந்துகொண்டிருந்த காலத்தில், நான் வாடகை வேனில் கம்ப்யூட்டரை ஏற்றி, அதற்கு மாலை போட்டு, முன்னால் என் சொந்த மைக்கில் "தாய்மாமன் காளிராஜ் வழங்கும் கம்ப்யூட்டர் சீர்" என்று அறிவித்துக்கொண்டே போனேன். பார்க்க இருநூறு பேர் கூடிவிட்டார்கள். செண்பகத்துக்கு அதை இயக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். எனக்கு எட்டாம் வகுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஓடுவது கரண்ட்தானே. கரண்டுக்கு என்னைத் தெரியும்.

மத்தியானம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். படங்கள் குவியல் குவியலாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் அவள் கேமரா வாங்கினாள். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லை. நான் இருக்கிறேன், அக்கா இருக்கிறாள், மச்சான் பல் விளக்குகிறார், எதிர்வீட்டு ஆடுகூட இருக்கிறது. அவள் இல்லை. கேமரா அவள் கையில்தானே இருந்தது. யாராவது பிடுங்கி அவளை எடுத்தாலும் அன்று சாயங்காலமே அழித்துவிடுவாள். "இதுல நான் ஆந்தை மாதிரி இருக்கேன்" என்பாள்.

"கவலைப்படாதே அக்கா, பத்து நிமிச வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4 செப்டம்பர், வியாழன்

இளையரசனேந்தலில் கல்யாணம். மைக்கை நான் கீழே வைக்கப் பெண் வீட்டார் விடவே இல்லை. தொண்டை போய்விட்டது.

5 செப்டம்பர், வெள்ளி

இன்று ஒரு பெரிய கண்டுபிடிப்பு.

கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, ஒரு சின்ன வட்டத்தைத் தொட்டேன். அவ்வளவுதான். மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது! படங்கள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும், நீரில் கரைத்த சுண்ணாம்பு மாதிரி மங்கலாக ஒரு ஃபைல். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தம்ஸ் டாட் டிபி. எல்லா ஃபோல்டரிலும் அதே பெயர், அதே மங்கல். ஒரு வீட்டில் எல்லா அறையிலும் ஒரே ஆள் ஒளிந்திருந்தால் அவன் யார்? திருடன்தானே.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூச்சி விழுந்திருக்குக்கா. இதுதான் பிள்ளை படத்தையெல்லாம் தின்னுருக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாகடிச்சிரு தம்பி" என்றாள்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட் அடித்தேன். அப்படி அடித்தால் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாக ஒழியும். அது இங்கிலீஷில் எச்சரிக்கை போட்டது. பயந்த குரல் அது. நான் எஸ் கொடுத்தேன். அடுத்தது. எஸ். அடுத்தது. எஸ். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் "ஒழிஞ்சது" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் கொஞ்சம் தெம்பு.

மங்கலாக இருப்பதைக் கவனிக்க வேண்டும் என்று நானே அந்தக் காலத்தில் செண்பகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

பூச்சி லேசுப்பட்டதில்லை. ஒரு ஃபோல்டரில் அழித்துவிட்டு, படங்களைச் சின்னதாக வரிசையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அங்கேயே மறுபடி முளைத்திருக்கிறது. மறுபடி அடித்தேன். குற்றாலம், திருச்செந்தூர், பள்ளி ஆண்டு விழா, பொங்கல், இன்னொரு பொங்கல் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. சாதாரண ஆள் என்றால் மூன்றாவது ஃபோல்டரிலேயே எழுந்து போயிருப்பான்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். கீபோர்டைத் துடைத்தாள். சில எழுத்துகள் தேய்ந்து வெள்ளையாகப் போயிருக்கின்றன. அந்த இடங்களை மட்டும் துணி படாமல் சுற்றித் துடைத்தாள்.

மச்சான் இதிலெல்லாம் தலையிடமாட்டார். மில்லில் இருந்து நின்றுவிட்டார். சாப்பிடுவார், மாடிப்படியில் போய் உட்காருவார். நான் போகும்போது "வா மாப்ள" என்பார், வரும்போது "போயிட்டு வா மாப்ள" என்பார். மனிதர் நடுவில் என்ன நினைக்கிறார் என்று தெரியாது.

8 செப்டம்பர், திங்கள்

என்னிடமும் ஒரு சிடி உண்டு. என் சவுண்ட் சர்வீஸின் வெள்ளி விழாவுக்குச் செண்பகம்தான் படம் எடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு சிடியில் ஏற்றி, மேலே மார்க்கரால் "மாமாவும் மைக்கும்" என்று எழுதிக் கொடுத்தாள். என் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால், அதாவது நான் வேண்டாம் என்று வைத்திருப்பதால், இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. அதில் அவள் இருக்கலாமே என்று இன்று எடுத்துப் போனேன்.

முழுக்க நான். மாலையோடு நான், மைக்கோடு நான், பேசும்போது நான், பேசாதபோதும் வாய் திறந்தபடி நான். அன்றைக்கு ஒரு படம் மட்டும் நான் எடுத்தேன். அவள் என் மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ, மாமா டெஸ்டிங்" என்று என்னைப் போலவே பேசிக் காட்டியபோது கேமராவைப் பிடுங்கி எடுத்தேன். அது இதில் இல்லை. வழக்கம்போல அழித்திருப்பாள்.

அந்தச் சிடியிலும் மங்கலாக ஒரு பூச்சி! ஷிஃப்ட், டெலிட், எஸ். முடியாது என்றது. மறுபடி அடித்தேன். முடியாது. என் வாழ்க்கையில் என்னிடம் முடியாது என்று சொன்ன முதல் பூச்சி. சிடியை இரண்டாக உடைத்திருப்பேன். அவள் கையெழுத்து இருக்கிறதே என்று உறையில் போட்டு வைத்தேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

கம்ப்யூட்டர் இப்போது கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கிறது. அக்கா வீட்டில் பேச்சுத் துணையில்லாமல் கிடக்கிறாளே என்று, கடையிலிருந்து என்னிடமுள்ள பக்திப் பாட்டு, பழைய பாட்டு அத்தனையும் அதில் நிரப்பிக் கொடுத்தேன். இடம் கொள்ளவில்லை, அவ்வளவு பாட்டு.

அக்கா பாட்டைக் கேட்கவில்லை.

"படம் எப்படா வரும்?"

"பூச்சி போயிருச்சுல்ல, இனி வந்துரும்."

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே மாட்டியிருப்பது கல்லூரி அடையாள அட்டைப் படம். அன்றைக்கு அவசரத்தில் அதைத்தான் பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் போட்டோம். கண்ணை அகல விழித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பாள்.

"போலீஸ் புடிச்சு வச்ச பிள்ளை மாதிரி இருக்குடா. தெனமும் விளக்கு வைக்கேன். அந்த மூஞ்சிய எனக்கு அடையாளமே தெரியல. அவ சிரிச்சா எப்படி இருப்பான்னு கண்ண மூடிப் பாக்கேன். மொதல்ல வந்துச்சு. இப்ப வர மாட்டேங்குது காளி."

சின்ன வயதுப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றனவே என்றேன். அது குழந்தைடா என்றாள். புது ஃப்ரேமுக்குக் கடையில் சொல்லிவிட்டாளாம். பெரியதாக, தேக்கு நிறத்தில்.

16 செப்டம்பர், செவ்வாய்

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டெல்லா என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பழைய படத்தைப் புதுப்பிப்பது எல்லாம் செய்வாள். என்னால் முடியாமல் போகவில்லை. ஒரு இரண்டாவது அபிப்பிராயம், அவ்வளவுதான். பெட்டியை மச்சான் மடியில் வைத்துக்கொள்ள, ஸ்கூட்டரில் போனோம். பிள்ளையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது நான் தாய்மாமன் சீராக் கொண்டுபோன கம்ப்யூட்டர். பார்க்க ஐந்நூறு பேர்" என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குக் காது கொடுக்கவில்லை. செண்பகம் தன் படத்தையெல்லாம் அழித்த கதையை மட்டும் கேட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, ஃபோல்டருக்கு ஃபோல்டர் மங்கலா ஒரு ஃபைல் இருந்திருக்கணுமே. எங்க?"

"அந்தப் பூச்சியா? எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. ஒண்ணு விடல."

மவுஸில் அவள் கை நின்றது.

"அது பூச்சி இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர் படத்தையெல்லாம் வரிசையாச் சின்னச் சின்னதாக் காட்டுதுல்ல? அந்தச் சின்னப் படத்தையெல்லாம் அது அந்த ஃபைலுக்குள்ளதான் சேத்து வைக்கும். பெரிய படத்தை நாம அழிச்சாலும் சின்னது உள்ளயே கெடக்கும். அந்த அக்கா வேண்டாம்னு அழிச்சாகளே, அவுக படமெல்லாம், அது அதுலதான் இருந்திருக்கும்."

"எல்லாமா?" என்றார் மச்சான்.

"முக்காவாசி இருந்திருக்கும் ஐயா. பழைய கம்ப்யூட்டர் பாருங்க, இதுல அப்படித்தான். இப்ப புதுசா அதுவே முளைச்சிருக்கும், ஆனா அதுல இப்ப இருக்க படம் மட்டுந்தான் இருக்கும். யாரு அழிச்சது?"

"ஆள் வச்சுப் பண்ணினது" என்றேன். "மதுரைப் பையன்."

அழித்ததைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று எதையோ ஓட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஓடியது. துண்டு துண்டாக ஏதோ வந்தது, ஒன்றும் திறக்கவில்லை. அழித்த இடத்தின் மேலேயே பாட்டாக ஏற்றி வைத்திருக்கிறது என்றாள். அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு. அனுபவம் போதாது.

வரும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்னாலிருந்து மச்சான் பேசினார்.

"மங்கலா இருக்கதைத் தொடாதீங்க மாமான்னு உன்கிட்டத்தான மாப்ள சொல்லுவா. உன் கையைப் புடிச்சு மவுஸ் மேல வச்சு, அது இதுன்னு பழக்கிவிடுவாளே, அப்ப."

பாவம், மச்சானுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் பிசகுகிறது. அவள் சொன்னது அப்படி இல்லை. வேறு ஏதோ. எனக்கு இப்போது சரியாக வரவில்லை.

ரயில் போனது. கேட் திறந்தபோது, "உங்க அக்காகிட்ட சொல்லாத" என்றார். நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

17 செப்டம்பர், புதன்

ஆம்ப்ளிஃபயரில் ஃப்யூஸ் போய்விட்டது. வேறு விசேஷமில்லை.

19 செப்டம்பர், வெள்ளி

அக்கா மூன்று தடவை போன் செய்தாள். நான் வீட்டு வாசலில் ஸ்பீக்கர் கம்பங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரி எடுத்தாள். பேசி முடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"மெட்ராஸ்ல இருந்து பெரிய நிபுணர் வர்றாருன்னு சொன்னீகளாமே?"

"ஆமா."

"எந்த நிபுணர்?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"மதினி அழுதாக. படம் வந்துரும், காளி சொன்னா சொன்னதுன்னு அழுதாக. நல்லதுக்கு அழுத மாதிரிதான் அழுதாக, ஆனா எனக்குக் கேக்க முடியல. போய் அவுக மூஞ்சியப் பாத்து என்னன்னு சொல்லிட்டு வாங்க."

நான் கம்பத்தை அவிழ்த்து மறுபடி கட்டினேன். முதல் கட்டு சரியில்லை.

20 செப்டம்பர், சனி

சாப்பிடவில்லை. வெயில்.

மேஜை இழுப்பறையில் சிடி இருந்தது. "மாமாவும் மைக்கும்." அவள் "ம"வுக்குச் சுழி பெரிதாகப் போடுவாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தச் சிடிக்குள் இருந்த மங்கல் ஃபைல், அதுதான், அந்த ஒன்று மட்டும் சாகவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டர் உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. நடந்தே போனேன். ஓடினேன் என்று எதிரே வந்த தேங்காய்க் கடைக்காரர் சொல்லித் திரிகிறாராம். ஓடவில்லை. வேகமான நடை.

ஸ்டெல்லா கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமைதான் வருவாளாம். சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

22 செப்டம்பர், திங்கள்

இதை விவரமாக எழுத வேண்டும்.

முதலில் ஒன்று. அந்தச் சிடியில் இருந்ததை நான் அன்றைக்கே வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன். ஒரு முன்யோசனை. ஸ்டெல்லாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"நல்ல வேளை அண்ணாச்சி. சிடியில ஒருதடவை எழுதினதை யாராலயும் அழிக்க முடியாது" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

ஃபோல்டரோடு சேர்த்து ஏற்றியதால் அந்த மங்கல் ஃபைலும் கூடவே ஏறியிருக்கிறதாம். அதைத் திறக்க அவளிடம் ஏதோ ஒன்று இருந்தது. திரையில் தபால் தலை அளவில் படங்கள் வரிசையாக வந்தன. நான், நான், நான், மாலை, நான். என் மூஞ்சியைப் பார்த்து எனக்கே எரிச்சலாக வந்தது இதுதான் முதல் தடவை. பிறகு கடைசிக்கு முந்தின வரிசையில்.

செண்பகம். என் மைக்கைப் பிடித்திருக்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்து வாய் நிறையச் சிரிக்கிறாள். பல் தெரிகிறது. ஒரு பக்கம் பூ தோளில் சரிந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் மறைத்திருக்கிறது. என் விரல். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஐயோ மாமா, என்னை விட உங்க விரல்தான் நல்லா விழுந்திருக்கு" என்று அழித்தாள். இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

"பெரிசு பண்ணும்மா. பெரிய ஃப்ரேம் வாங்கி வச்சிருக்காக" என்றேன்.

பெரிதாக்கினாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னும் பெரிதாக்கியபோது அது முகமே இல்லை. பாய் முடைந்த மாதிரி வெறும் நிறங்கள்.

"சின்னதாக்கு, சின்னதாக்கு" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல அவ்வளவுதான் அண்ணாச்சி இருக்கு. சின்னதா இருந்தாத்தான் அவுகளாத் தெரியுறாக. இதே அளவுல போட்டுத் தரேன். சுத்தி வெள்ளையா விட்டு ஃப்ரேமுக்குள்ள வச்சுக்கலாம்." பிறகு கேட்டாள். "ஓரத்துல விரல் இருக்கே, வெட்டிரவா?"

வெட்டினால் படம் இன்னும் சின்னதாகிவிடும். வேண்டாம் என்றேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

இன்று செண்பகத்துக்கு வருஷம்.

பெரிய ஃப்ரேம். தேக்கு நிறம். உள்ளே முழுக்க வெள்ளை. நடுவில் அவள், தபால் தலை அளவுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் வெற்று ஃப்ரேமுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் கிட்டப் போய்க் குனிய வேண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். குனிந்தவர்கள் உடனே நிமிரவில்லை.

அக்காதான் முதலில் பார்த்தாள். மூக்கு ஃப்ரேம் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குப் போனாள். அவள் மூச்சில் கண்ணாடி பனித்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இப்படித்தான். இப்படித்தாண்டா சிரிப்பா" என்றாள். "மேல் பல்லுல ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கும். மறந்தே போயிட்டேன் பாரு, பெத்தவ."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது மாதிரி இன்னும் இருக்குமாடா? மத்த ஃபோல்டர்லயெல்லாம்? குத்தாலத்துல நீ அவள எடுத்தியே. பொங்கலுக்கு அவுகப்பா எடுத்தாகளே."

மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"இல்லக்கா" என்றேன். "இது ஒண்ணுதான் இருந்துச்சு. அவதான் படம்னா ஓடுவாளே."

"ஆமா. ஓடுவா" என்று சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திச் சொன்னாள். "எந்தம்பிதான் எடுத்துக் குடுத்தான். நாள்கணக்கா இந்தப் பொட்டிகூட மல்லுக்கட்டுனான். உள்ள கெடந்த பூச்சியவெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சான், நாந்தான் பக்கத்துல நின்னேன். அவன் இல்லாட்டி எம்பிள்ளை சிரிப்பு எனக்கில்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் தோளில் தட்டினார். "அன்னைக்குச் சீர் கொண்டுவந்தவன்லா. ஊரே நின்னு பாத்துச்சே" என்றார்.

"அவ்வளவு பேர் இல்ல அண்ணாச்சி" என்றேன். "தெருவுல இருந்தவங்க மட்டுந்தான்."

அடுத்து யாரோ வந்தார்கள். அக்கா மறுபடி என் கையைப் பிடித்தாள். "எந்தம்பிதான்" என்று ஆரம்பித்தாள்.

வயரில் ஏதோ லூஸ் கனெக்‌ஷன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போய் நின்றேன்.

இன்று நான் மைக் செட் கொண்டுபோகவில்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் வந்தார். இல்லாத வயரைப் பார்த்துக்கொண்டு அவரும் பக்கத்தில் நின்றார்.